விமானத்துக்குக் கால் முளைத்தது
நான் கட்டும் சின்ன விமானத்தின் இறங்குகால்களை உப்புவெளிப் பட்டறையில் இந்தக் கிழமை உருக்கி ஒட்டி (வெல்டிங்) முடித்தோம். குழாய் 4130 குரோமொலி, அதாவது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு. முனையை மீன்வாய் போல அரத்தால் ராவி, மற்றக் குழாயோடு வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்கவேண்டும், ஒரு மூட்டுக்கே அரைநாள் போனது, ஆனால் இந்த வேலையில் அவசரமே கூடாது. ஒட்டிய சூட்டோடு தண்ணீர் ஊற்றப் போனவனைத் தடுத்தேன்.

“வேண்டாம் தம்பி, தானாக ஆறட்டும்.”

சட்டென்று குளிர்ந்தால் இந்த உருக்கு இறுகி வெடிப்பு விடக்கூடும். கடற்காற்றடிக்கும் எங்கள் ஊரில் எனக்குப் பெரிய பயம் குழாய்க்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் பிடிக்கும் கறள்தான். அதைத் தடுக்கச் சின்னத் துளையால் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, உருட்டிப் புரட்டி, மிச்சத்தை வடித்துத் துளையை அடைத்தோம். இனிச் சில்லுப் பூட்டவேண்டும்.