பங்குனி மாசம் நாய் கயித்துலதான் இருக்கணும்

நம்ம பக்கம் வசந்த காலம்னு தனியா ஒன்னும் கிடையாது, பனி முடிஞ்சா நேரா வெயில்தான்னு நிறைய பேர் சொல்வாங்க. வெயில் ஏறுன அப்புறம் எந்திரிக்கிறவங்க சொல்றது அது. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் தாண்டி மாந்தோப்பு இருக்கிற பக்கம், காலைல ஆறு மணிக்கு ஒரு நாயை கூட்டிட்டு நடந்தா மாசி கடைசில இருந்து சித்திரை பாதி வரைக்கும் வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும், போன வாரம் பாத்த மரத்தை இந்த வாரம் அடையாளம் தெரியாது.

எங்க ஜூலி சாதாரண நாட்டு நாய்தான், செம்பட்டை கலர், ஒரு காது மடங்கி இருக்கும். அவளுக்கு பூவும் தெரியாது குருவியும் தெரியாது, மோப்பம் மட்டும்தான். ஆனா அவ நின்னு மோந்து பாக்குற நேரமெல்லாம் நமக்கு சும்மா நிக்கிற நேரம், அப்போதான் தலையை தூக்கி மேல பாக்குறேன். தனியா வாக்கிங் போனா கையை வீசிக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டு போயிருவேன்.

மாசில தோப்புக்குள்ள போனா செருப்பு ஒட்டும். மாம்பூவுல தத்துப்பூச்சி உக்காந்து சாறு உறிஞ்சும்ல, அது விடுற இனிப்புத் தண்ணி இலை மேலயும் தரை மேலயும் சொட்டி பிசுபிசுன்னு ஆயிரும், ஜூலி கால் முழுக்க சருகு ஒட்டிட்டு வீட்டுக்கு வந்து என் அம்மாகிட்ட திட்டு வாங்குவா. அந்த பிசுபிசுப்பு மேலதான் அப்புறம் கரும்பூஞ்சை படர்ந்து இலையெல்லாம் கரி பூசுன கணக்கா ஆகுது. பூச்சிக்கு மருந்தடிக்கிற நாள்ல தோப்புக்குள்ள நாயை கூட்டிட்டு போகவே கூடாது, கால நக்கும், உள்ள போயிரும். பூக்குற பூவுல நூத்துக்கு ஒன்னு கூட காயா நிக்காது, மிச்சமெல்லாம் கொட்டிரும். பங்குனில பெங்களூரா ரக மாமரத்துல குட்டிக் குட்டியா பிஞ்சு தொங்க ஆரம்பிச்சதும்தான் தோப்புக்காரங்க முகத்துல கொஞ்சம் தெளிவு வரும்.

அதே சமயத்துல ரோட்டோர புங்க மரம் பழைய இலையெல்லாம் உதுத்துட்டு பளபளன்னு புது இலை விட்டுரும், பின்னாடியே பூவு. கீழ கொட்டிக் கிடக்குறது பொரியை அள்ளி இறைச்ச மாதிரி இருக்கும். வேப்பம்பூ வாசனையும் அப்போதான். எங்க தெருவுல தெலுங்கு, கன்னடம் பேசுற வீடுங்க நிறைய, யுகாதிக்கு முன்னாடி நாள் ஆளாளுக்கு தொரட்டி எடுத்துட்டு வேப்பமரத்தடில நிப்பாங்க, எல்லா பேச்சும் அங்கதான் நடக்கும், ஜூலிக்கும் அங்க யாராவது பிஸ்கட் போட்டுருவாங்க.

சத்தத்துல முதல்ல வர்றது குக்குறுவான். டொக் டொக் டொக்னு ஒரே தாளத்துல யாரோ பாத்திரம் தட்டுறாங்கன்னு நினைச்சு ரொம்ப நாள் விட்டுட்டேன், கைல அடங்குற அளவு பச்சைக் குருவி அது, நெத்தில சிவப்பு, கழுத்துல மஞ்சள். வாயை மூடிக்கிட்டே கத்தும், தொண்டை மட்டும் உப்பி உப்பி இறங்கும். பட்டுப்போன கிளையை கொத்தி ஓட்டை போட்டு அதுக்குள்ளதான் குஞ்சு பொரிக்கும், அதனால தோப்புல காஞ்ச கிளையெல்லாம் சுத்தமா வெட்டிட்டா அதுக்கு வீடு கிடையாது. குயிலும் இந்த நேரத்துலதான் தொண்டை கிழிய கத்தும், கூவுறது கருப்பா இருக்கிற ஆண், பொட்டை உடம்பு முழுக்க புள்ளி போட்டு பழுப்பா இருக்கும், அது காக்கா கூட்டுப் பக்கமா திருட்டுத்தனமா சுத்திட்டு இருக்கும். காக்கா ரெண்டு சேந்து குயிலை துரத்துற கலாட்டா இருக்கே, அதை நின்னு பாத்தா ஆபீஸுக்கு லேட்டுதான்.

கல்யாண முருங்கை பூத்தா சூறைக்குருவி கூட்டமா வந்து இறங்கும், உடம்பு வெளிர் ரோஸ், தலையும் றெக்கையும் கருப்பு. மத்திய ஆசியா பக்கத்துல இருந்து குளிருக்கு இங்க வர்றதுங்க, சித்திரைக்குள்ள திரும்பிப் போயிரும். கிளம்புற முன்னாடி தேனைக் குடிச்சு குடிச்சு போடுற சத்தத்துல ஜூலியே காதை ஆட்டிக்கிட்டு மேல பாப்பா.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். இதெல்லாம் மரத்து மேல இருக்கு, நாயால ஒன்னும் ஆகாது. தரைல இருக்கிறதுக்குத்தான் கஷ்டம். அறுவடை முடிஞ்சு சும்மா கிடக்கிற கொல்லைல, அதாவது வயக்காட்டுல, ஆள்காட்டிக் குருவி முட்டை வைக்கும். கூடுன்னு ஒன்னும் இருக்காது, சின்னக் குழி, சுத்தி நாலு கல்லு, அவ்ளோதான். மண்ணு கலர்ல கருப்பு திட்டு போட்ட நாலு முட்டை, கூர் முனையெல்லாம் உள்பக்கம் பாத்த மாதிரி வெச்சிருக்கும், ரெண்டடி தள்ளி நின்னாலும் கண்ணுக்கு தெரியாது. எனக்கு காட்டுனது பக்கத்து தோப்புல காவல் இருக்கிற பெரியவர். "ஏம்மா, நாயை அந்தப் பக்கம் உடாத, முட்டை வெச்சிருக்குது பாரு"ன்னாரு. எங்க இருக்கு தாத்தான்னு கேட்டா கையை நீட்டுறாரு, நான் பாக்குறேன், கல்லுதான் தெரியுது. அதுக்குள்ள மேல ரெண்டு ஆள்காட்டி தலைக்கு மேல உரசுற மாதிரி பறந்து கத்தி ஊரைக் கூட்டிருச்சு, ஜூலி கயித்தை இழுத்துட்டு நிக்கிறா.

"வெயிலு ஏறுனா ஏரித்தண்ணில வயித்தை நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காரும், கவனிச்சு பாரு"ன்னாரு தாத்தா. சும்மா சொல்றாருன்னு நினைச்சேன், நிஜமாவே அது அப்படித்தான் செய்யுது, முட்டை வெந்துறாம இருக்க. நாலு வாரம் போல அடைகாக்கணும். அந்த நாலு வாரத்துல அவுத்து விட்ட ஒரு நாய் போதும். நாய் முட்டையை திங்கணும்னு கூட இல்ல, சும்மா அங்க சுத்திட்டு இருந்தாலே தாய்ப்பறவை எந்திரிச்சு கத்திட்டே இருக்கும், முட்டை வெயில்ல கிடக்கும். பொரிச்ச குஞ்சு அன்னைக்கே நடக்க ஆரம்பிச்சுரும், ஆனா பறக்க முடியாது, ஆபத்துன்னா அப்படியே தரையோட படுத்துக்கும், அதையும் மோப்பம் விடாது.

கௌதாரியும் இதே கதைதான், புதர் அடில முட்டை. விடிகாலைல ஜோடியா மாத்தி மாத்தி கத்துறது கேக்கும், பக்கத்துல போனா கால் அடில இருந்து டபால்னு எழும்பி நம்ம உசுரை எடுக்கும். அதுக்கு நாயை விட மனுஷன் வலை பெரிய எமன், பிடிக்கிறது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம்னு தெரிஞ்சே பிடிக்கிறாங்க.

"நாட்டு நாய்க்கு எதுக்கு கயிறு, அது என்ன பங்களா நாயா"ன்னு டீக்கடைல கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். வருஷம் முழுக்க கட்டி வைங்கன்னு நான் சொல்லல, ஏரிக்கரைல ஜூலியை நானே அவுத்து விடுவேன். மாசில இருந்து வைகாசி வரைக்கும் கொல்லை, தரிசு, கல்லாங்குத்து பக்கம் மட்டும் நீளமா ஒரு கயிறு. கடைல விக்கிற குட்டை பெல்ட் வேணாம், மாட்டுக் கயிறு போதும், அவளும் மோந்துக்கலாம் நமக்கும் கை வலிக்காது.

இன்னொன்னு, இந்த சீசன்ல உண்ணி அதிகம். வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, கால் விரல் இடுக்கு ரெண்டையும் விலக்கி பாருங்க. தார் ரோடு எட்டு எட்டரைக்கெல்லாம் சுட ஆரம்பிச்சுரும், புறங்கையை ரோட்ல வெச்சு பாத்து உங்களால தாங்க முடியலன்னா அதாலயும் முடியாது.

மாங்கா பறிக்க ஆரம்பிச்சதும் தோப்புல லாரியும் ஆளும் வந்துருவாங்க, காவலுக்கு வேற நாயும் கட்டிருவாங்க, ஜூலிக்கும் அதுங்களுக்கும் ஆகாது. அப்போ நாங்க ஏரிக்கரை ரூட்டுக்கு மாறிருவோம். உங்க கொல்லைல ஆள்காட்டி முட்டை வெச்சிருந்தா உழவு ஓட்டுற டிராக்டர்காரர்கிட்ட முன்னாடியே இடத்தை காட்டி வைங்க, நாலடி விட்டு ஓட்டிட்டு போயிருவாரு, எங்க பக்கம் கேட்டா செய்றாங்க.