சர்ச்சுக்குக் கடன்பட்ட நாடு: ஆர்மீனியாவில் சில நாட்கள்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஆர்மீனியா என்றால் ஈத் விடுமுறைக்குப் போய்வரும் குளிர்ந்த நாடு, அவ்வளவுதான். டூர் பாக்கேஜில் செவான் ஏரி இருக்கும், ரோப்கார் இருக்கும், பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நானும் நாகர்கோவில்காரனான என் நண்பனும் அதை ஒதுக்கிவிட்டு, ஒரு டாக்ஸியைப் பேசிக்கொண்டு சர்ச் சர்ச்சாகச் சுற்றினோம். எனக்குப் பக்தி எல்லாம் இல்லை. ஒரு மதத்தை வைத்தே ஒரு தேசம் எப்படி எழுந்து நின்றது என்று பார்க்கும் ஆசைதான்.

முதலில் கோர் விராப். தலைநகர் யெரெவானுக்குத் தெற்கே, துருக்கி எல்லையை ஒட்டிய மடாலயம். எதிரே அராரத் மலை பெரிதாகத் தெரிகிறது. ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்தில் இருப்பதும் அந்த மலைதான். ஆனால் மலை இருப்பது துருக்கியில், எல்லையோ 1993 முதல் மூடிக் கிடக்கிறது. மடாலயத்துச் சிற்றாலயத்தின் தரையில் ஒரு துளை, அதற்குள் செங்குத்தாக இரும்பு ஏணி. இறங்கினால் சுமார் ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு பாதாள அறை. கிறிஸ்தவத்தைப் போதித்த கிரிகோரை மன்னன் திரிதாத் இங்கேதான் 13 ஆண்டுகள் அடைத்துவைத்தான் என்கிறார்கள். பிறகு மன்னனுக்குப் பித்துப் பிடித்தது, கிரிகோர் வந்து குணமாக்கினார், மன்னன் ஞானஸ்நானம் பெற்றான். ஆண்டு 301 என்பது மரபு. சில வரலாற்றாசிரியர்கள் 314-ஐ ஒட்டிச் சொல்வார்கள். எப்படிக் கணக்கிட்டாலும், கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய முதல் நாடு தாங்கள்தான் என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளே காற்று குறைவு. நண்பன் பாதி ஏணியிலேயே "போதும்டே" என்று மேலேறிவிட்டான்.

அடுத்து எச்மியாட்சின். அகில ஆர்மீனியரின் தலைமை குருவான கத்தோலிக்கோஸின் இருப்பிடம். உலகின் மிகப் பழைய பேராலயங்களில் ஒன்று என்றதும் மலைபோல எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். "எங்க ஊர் கோயில் இதவிடப் பெருசுடே" என்றான் நண்பன்.

ஆனால் அளவு பார்க்கிற இடமில்லை இது. இன்றைய தெற்குத் துருக்கியின் கிலீக்கியாவில் இருந்த கடைசி ஆர்மீனிய அரசு 1375-இல் வீழ்ந்தது. அடுத்து சுதந்திர நாடு என்று ஒன்று அமைந்தது 1918-இல். இடையில் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் பாரசீகம், ஒட்டோமான், ரஷ்யா என்று மாறி மாறி ஆட்சி. அந்த நாட்களில் ஆர்மீனியருக்குப் பள்ளிக்கூடம், திருமணச் சட்டம், ஏடுகள், அரண்மனையில் போய்ப் பேச ஒரு ஆள், எல்லாமே திருச்சபைதான். யெரெவானில் உள்ள மாதெனதாரன் சுவடி நூலகத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். வாசலில் அமர்ந்திருக்கும் சிலை, 405 வாக்கில் ஆர்மீனிய எழுத்துகளை உருவாக்கிய மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ். அவரும் துறவிதான். பைபிளைத் தங்கள் மொழியில் படிக்கவே எழுத்து வேண்டியிருந்தது. உள்ளே முஷ் நகரத்து மறையுரைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, எடை 28 கிலோ. ஒட்டோமான் ஆட்சியில் 1915-இல் ஆர்மீனியர்கள் இனப்படுகொலை செய்யப்பட்டபோது இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்துக் காப்பாற்றினார்கள் என்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்தான்.

இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. நாடே இல்லாத 18-ஆம் நூற்றாண்டில், ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியலமைப்பு வரைவை எழுதி அச்சிட்டது சென்னையில் இருந்த வணிகர் ஷாஹமீர் ஷாஹமீரியனின் வட்டாரம். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்ததும் அங்கேதான். நடத்தியவர் ஒரு பாதிரியார், ஹாருத்யூன் ஷ்மவோனியன்.

பிறகு சர்தாரபாத் போர்க்களம். 1918 மே மாதம் துருக்கியப் படை எச்மியாட்சினை நெருங்கியபோது, பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னார்கள். கத்தோலிக்கோஸ் ஐந்தாம் கெவோர்க் மறுத்துவிட்டார். சர்ச் மணிகள் அடித்து ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே, மே 28 அன்று முதல் குடியரசு பிறந்தது. அந்தப் போரின் வெற்றி நினைவாக அங்கே ஒரு பிரம்மாண்டமான மணிக்கூண்டு நிற்கிறது. கட்டியது 1968-இல், கடவுள் இல்லை என்று சொன்ன சோவியத் ஆட்சியில்!

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். இன்றைய அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு மத அமைப்புகள் அரசிலிருந்து பிரிந்தவை என்கிறது. அடுத்த பிரிவே, மக்களின் ஆன்மிக வாழ்விலும் பண்பாட்டிலும் தேசிய அடையாளத்தைக் காத்ததிலும் ஆர்மீனியத் திருச்சபைக்குத் தனிச்சிறப்பான பணி உண்டு என்று ஏற்கிறது. கடன் உண்மையானது, மறுக்க முடியாது. ஆனால் அதை ஏன் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது எனக்கு நெருடல்தான். சர்தாரபாத்துக்கும் யெரெவானுக்கும் நடுவே, அக்னாலிச் என்ற கிராமத்தில், கிறிஸ்தவரல்லாத தனி மதத்தவரான யசீதிகள் 2019-இல் திறந்த பெரிய வெள்ளைக் கோயில் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய சிறுபான்மையினர் அவர்கள். நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் அவர்களுக்கு உண்டு. 17-ஆவது பிரிவு மட்டும் இருந்தாலே அவர்களும் அந்த நாட்டில் முழு உரிமையோடு பொருந்திவிடுவார்கள்.

இதெல்லாம் பழங்கதையும் இல்லை. 2024-இல் எல்லைக் கிராமங்களை அஜர்பைஜானிடம் ஒப்படைத்ததை எதிர்த்துப் பேராயர் பக்ராத் கல்ஸ்தான்யன் தலைமையில் பெரும் போராட்டம் நடந்தது. 2025-இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அவரைக் கைது செய்தார்கள். கத்தோலிக்கோஸ் இரண்டாம் கரெகின் பதவி விலகவேண்டும் என்று பிரதமர் பஷின்யனே வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் டிரைவர் பிரதமர் பக்கம்: சாமியார்களுக்கு எதற்கு அரசியல் என்றார். நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, டீயை ஊற்றிக்கொண்டே டிரைவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். புதிய அரசியலமைப்பு கொண்டுவரும் பேச்சு வேறு நடக்கிறது. 18-ஆவது பிரிவு அதில் இருக்குமா என்று கேட்டேன். "அதை எடுத்துவிட்டு பிரதமர் எந்த சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றுவாராம்?" என்று திருப்பிக் கேட்டார் அந்த அம்மா.