ரிவரில் விழும் பெரிய பந்தயம்

2025 ஜனவரி 6, திங்கள்

நேற்றிரவு ஒன்லைன் போக்கரில் ஆடிய ஒரு கையை எழுதி வைக்க வேண்டும். இலவசச் சிப்ஸ் மேசைதான், காசு வைத்து நாங்கள் ஆடுவதில்லை. கல்லடியில் நான், கல்முனையில் தம்பி, கட்டாரிலும் ரொறன்ரோவிலும் மச்சான்மார்.

என்னிடம் டயமண்ட் கிங்கும் கிளாவர் ஜாக்கும். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ஹார்ட்ஸ் ஜாக், ஸ்பேட் 7, ஸ்பேட் 4. நான் போட்டேன், கட்டார் மச்சான் உடனே கோல், அதே தொகையை அவனும் போட்டான். நான்காவது சீட்டான டேர்னில் டயமண்ட் 2. திரும்பவும் போட்டேன், திரும்பவும் கோல். ஐந்தாவதும் கடைசியுமான ரிவரில் கிளாவர் 2. யாருக்கும் உதவாத சீட்டு. பொட்டில், அதாவது நடுவில் சேர்ந்த தொகையில், 1200 கிடந்தது. அதுவரை பேசாமல் பின்னால் வந்தவன் திடீரென்று 1200ஐ எடுத்துப் போட்டான்.

அவனிடம் என்னதான் இருக்கும்? மூன்று 7 இருந்திருந்தால் முதலிலேயே பந்தயத்தை ஏற்றியிருப்பான். மேசையில் இரண்டு ஸ்பேட் கிடக்கும்போது, நல்ல கை உள்ளவன் அடுத்த சீட்டை மலிவாகப் பார்க்க யாரையும் விடமாட்டான். ஒரு ஜாக் மட்டும் என்றால் இவ்வளவு பெரிய தொகை தேவையில்லை, பேசாமல் காட்டியே பார்த்திருக்கலாம். மிச்சம் இருப்பது, ஐந்து ஸ்பேட் சேரக் காத்திருந்து கிடைக்காமல் போன கை. நானும் 1200 கட்டினேன். அவனிடம் ஸ்பேட் 10, ஸ்பேட் 9!

ஒன்று முக்கியம். பேய்க்காட்டுகிறான் என்று நூறு வீதம் தெரிய வேண்டியதில்லை. 1200 கட்டினால் கிடைக்கப்போவது பொட்டும் அவன் போட்டதுமாக 2400. மூன்று தடவையில் ஒரு தடவை என் கணிப்புச் சரியாக இருந்தாலே நட்டமில்லை. அவன் 600 மட்டும் போட்டிருந்தால் நான்கில் ஒன்று போதும்.

ஜனவரி 8, புதன்

மழை விடவில்லை. சிக்னல் வந்து வந்து போகிறது.

எதிராளி எடுக்கும் நேரத்தைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடலாம் என்று தம்பி வாதாடினான். ஓரளவு சரி. ஃப்ளாப்பில் கண் மூடி முழிக்க முதல் கோல் பண்ணினால் அது பெரும்பாலும் நடுத்தரக் கை, இல்லாவிட்டால் இன்னொரு சீட்டுக்குக் காத்திருக்கும் கை. பலமான கை உள்ளவன் ஏற்றுவதா விடுவதா என்று கொஞ்சமாவது யோசிப்பான். ஆனால் நெட் விழுந்து கிடக்கும் இந்த மழையில் ஒருவன் இருபது விநாடி எடுத்தால் யோசிக்கிறானா, ரவுட்டரைத் தட்டுகிறானா? நேரத்தை நான் கடைசிச் சாட்சியாகத்தான் வைப்பேன்.

2019இல் புளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் போக்கர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, தயக்கத்தையும் அளக்கவில்லை. சீட்டும் பந்தயமும் மட்டுமே போதுமாக இருந்தது.

ஜனவரி 11, சனி

கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு கை. மேசையில் இரண்டு ஸ்பேட், மூன்றாவது வரவில்லை, ரிவரில் பெரிய பந்தயம். இந்த முறை கட்டாமல் சீட்டை மடித்தேன். என் ஜாக்கோடு இருந்தது ஸ்பேட் ஏஸ்.

தம்பிக்கு இது விளங்கவில்லை. "ஏஸ் இருக்கக்குள்ள ஏன் அண்ணா பயப்படுற?" என்றான். ஏஸ் என்னிடம் இருப்பதால்தான். ஸ்பேட்டுக்குக் காத்திருந்து தோற்கும் கைகளில் பலவற்றில் அந்த ஏஸ்தான் இருக்கும். அது என் கையில் இருந்தால், அவன் பேய்க்காட்டுவதற்கான கைகள் குறைந்துவிடுகின்றன. நல்ல கைகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது ஸ்பேட் விழுந்திருந்தால் கணக்குத் தலைகீழ். அப்போது அதே ஏஸ், அவனிடம் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, இருக்கும் வாய்ப்பைக் குறைத்திருக்கும். இந்த இடத்தைப் பலர் மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

2003 உலகப் போக்கர் போட்டியின் கடைசி மேசையும் நினைவுக்கு வந்தது. ஒன்லைனில் தகுதி பெற்று வந்த கிறிஸ் மணிமேக்கர், வெறும் கிங்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். சாமி ஃபார்ஹாவிடம் ஒரு சோடி 9 இருந்தது, ஆனாலும் மடித்தார். மேசையில் மூன்று ஸ்பேட். மணிமேக்கர் டேர்னிலேயே ஏற்றிவிட்டார், ரிவரில் அதையே தொடர்ந்தார். ஃப்ளஷ் உள்ளவன் எப்படி ஆடுவானோ அப்படியே ஆடினார். அப்படிப் பொய் சொல்பவனைப் பிடிப்பது மகா கஷ்டம். கட்டார் மச்சான் மாதிரி நடுவில் கதையை மாற்றுபவன்தான் மாட்டுவான்.

ஜனவரி 13, திங்கள், போயா விடுமுறை

மாமா வீட்டில் 304 சீட்டாட்டம். துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் ஆட்டத்தில் மாமாவை ஏமாற்ற ஊரில் ஆளில்லை. எப்படி என்று கேட்டேன். "மூஞ்சப் பாத்து என்ன மனே? போன சீட்ட ஞாபகம் வை. மறுகா எல்லாம் தானா வெளிக்கும்" என்றார். முப்பத்திரண்டு சீட்டில் எந்த ஜாக், எந்த 9 இன்னும் வரவில்லை என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்து மேசை திரும்பக் கூடியது. ரொறன்ரோ மச்சான் இரவு முழுக்க ஏற்றவே இல்லை. கோல், மடிப்பு, கோல், மடிப்பு. ரிவரில் என் பந்தயத்துக்கு மேலே மூன்று மடங்கு ஏற்றினார். பொறுமையாக ஆடும் ஆள் கடைசியில் இப்படி எழும்பினால் அது பெரும்பாலும் உண்மை. இரண்டு சோடியை யோசிக்காமல் மடித்தேன். இலவசச் சிப்ஸ் மேசையில் யாரும் எதற்கும் கட்டுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், அங்கே அவர் வீணாகப் பேய்க்காட்டப் போவதில்லை.

தம்பி இனி ஒவ்வொருவரின் ரிவர் பந்தயத்தையும், பிறகு காட்டிய சீட்டையும் கொப்பியில் எழுதப் போகிறானாம். கட்டார் மச்சானின் பக்கத்தை நானே தொடங்கிக் கொடுத்தேன்.