டீ, ஹெச், எல், ஐ, எஃப்

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சிக்கு வந்து எட்டாவது நாள். இதுவரை நான் கற்றுக்கொண்ட ஒரே கலை, பிரிண்டரைத் திட்டாமல் இருப்பது. இன்று காலை தாள் இருந்தும் 'தாள் வை' என்று அடம்பிடித்தது. ட்ரேயை நாலு முறை இழுத்துத் தள்ளிய பிறகுதான் கோப்பைப் பார்த்தேன். யாரோ அமெரிக்க 'லெட்டர்' அளவில் தயாரித்திருக்கிறார்கள். அதன் உயரம் 279 மில்லிமீட்டர், நம் ஏ4 297. இரண்டு எண் இடம் மாறியதற்கு அரை மணி நேரம் போச்சு.

ஜூன் 11, புதன்

மேனேஜர் சார் ஒரு பழைய வாடகைக் கடிதம் கேட்டார். "2014-ல போனது தம்பி, கம்ப்யூட்டர்லதான் இருக்கும்."

இருந்திருக்கலாம். தேடுபெட்டியில் 'வாடகை' என்று அடித்தேன், ஒன்றுமே வரவில்லை. கோப்பு ஒவ்வொன்றாகத் திறந்தால் உள்ளே பூராவும் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி. என் கணினியில் பாமினி எழுத்துரு இல்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதெல்லாம் அந்த எழுத்துரு போட்ட வேஷம்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லே அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி.

சாப்பாட்டு வேளையில் அக்கவுண்ட்ஸ் அண்ணனிடம் புலம்பினேன். அவர் 2006-ல் வலைப்பூ எழுதியவராம். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடில் அடித்து, வலைப்பூக்களை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியில் தன் பதிவு வந்துவிட்டதா என்று நள்ளிரவில் போய்ப் பார்ப்பாராம். அவர் பாட்டி வைத்த சுண்டக்குழம்பு பற்றி எழுதியதை இன்றும் ஒரே சொல்லில் தேடி எடுத்துக் காட்டினார். கையெழுத்தும் முத்திரையும் வைத்துப் போன கடிதம் கிடைக்கவில்லை, சுண்டக்குழம்பு கிடைக்கிறது! தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்கு நாலு வருஷம் கழித்தும் இங்கே பாமினிதான் ஓடியிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

கடிதம் கிடைத்தது. கிடைத்த விதத்தை எழுதியே ஆக வேண்டும்.

டைப்பிஸ்ட் அக்கா முன்பு ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தவர். "அக்கா, பாமினியில் 'வாடகை' எப்படி அடிப்பீங்க? எந்தெந்த எழுத்து?" என்றேன். "எழுத்தெல்லாம் யாருக்குத் தெரியும்? விரலுக்குத்தான் தெரியும்" என்றார். சரி, தேடுபெட்டியில் கர்சரை வைத்துவிட்டு விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டே தட்டினார். டீ, ஹெச், எல், ஐ, எஃப். ஏழு கோப்புகள் வந்து விழுந்தன. மூன்றாவதுதான் நாங்கள் தேடியது.

அந்த ஐந்து எழுத்தில் 'ஐ' என்பது கை-யின் இணைக்கொம்பு. 'எஃப்'தான் க. கொம்பு முதலில், மெய் பிறகு, அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடு க-வை முதலில் வைத்துக்கொண்டு கொம்பைப் பின்னால் சேர்க்கும். மாற்றி எழுதித் தரும் மென்பொருளுக்குப் பாதி வேலை இந்தக் கொம்புகளை இடம் மாற்றுவதுதான்.

ஜூன் 16, திங்கள்

பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஒரு ரசீதில் 'புளுவு' என்று வந்தது. புளுவா? பத்து நிமிடம் மண்டையைக் குடைந்த பிறகு புரிந்தது, ஜி.எஸ்.டி. ஆங்கிலத்தில் இருந்ததையும் பாமினி என்று நினைத்து மென்பொருள் மாற்றியிருக்கிறது. பெரிய ஜி என்றால் பு, எஸ் என்றால் ளு, டீ என்றால் வு. அக்கவுண்ட்ஸ் அண்ணன் இப்போது வரியை 'புளுவு' என்றே சொல்கிறார். இனி ஆங்கிலச் சொல் உள்ள வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை மாற்ற வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சொல்லிக் கொடுக்கிறேன். உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ட-வை இரண்டு தரம் தட்டினால் புள்ளியைத் தானே வைத்து 'ட்ட' ஆக்கிக்கொள்ளும். இது அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சும்மா சும்மா 'பட்டம், கட்டம்' என்று அடித்துப் பார்த்தார்.

கொம்புதான் தகராறு. 'கேட்டு' என்று அடிக்கச் சொன்னால் விரல் பழக்கத்தில் ஏ முன்னால் போய்விடுகிறது. மதியம் மேனேஜர் சார் மேசைக்குப் போன கடிதத்தின் கடைசி வரி: 'ஆவன செய்யுமாறு ஏகட்டுக்கொள்கிறேன்.'

சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். உறையிலிருந்து உருவி எடுத்து, திருத்தி மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். பிரிண்டர் தாள் கேட்கிறது.