நாலாவது பலகை

அம்மாவுக்குக் கொடுக்க, அப்பாவின் புகைப்படத்தை வைத்து நானே ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தேன். இரண்டு மாதச் சனி, ஞாயிறுகள் போய்விட்டன. கையில் மிஞ்சியது ஒரு மக், நான்கு மரப்பலகைகள், ஒரு மடிப்புப் புத்தகம். அதில் கொடுக்கிற மாதிரி இருப்பவை இரண்டுதான்.

எந்தப் படம் என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருப்பார். தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. நிற்க வைத்து எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி விறைப்பு. இதில்தான் மனிதர் மனிதராக இருக்கிறார்.

முதலில் மக். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடந்த படத்தையே எடுத்து, அப்பாவைச் சுற்றி வெட்டி, அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். வந்ததைப் பார்த்தால் அப்பாவின் முகம் ஈரத்துணி வழியாகத் தெரிவதுபோல் இருந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வரும்போதே படம் சுருங்கிவிடும். நான் வெட்டியது போக அகலத்தில் 900 பிக்சல்தான் மிச்சம். அதை மக்கைச் சுற்றி 8 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 110 சொச்சம். நல்ல அச்சுக்கு 300 வேண்டும், 200 இருந்தால் சமாளிக்கலாம். தப்பு முழுக்க என்னுடையது, அச்சடித்தவரைச் சொல்லிப் பயனில்லை. அந்த மக்கில் இப்போது என் பேனாக்கள் நிற்கின்றன.

அசல் படம் அக்காவின் பழைய போனில் இருந்தது. 4000-க்கு 3000 பிக்சல். திரும்பவும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதே என்று கெஞ்சி, கேபிள் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மக் மேல் ஆசை விட்டுப்போய், படத்தை மரத்தில் ஏற்றும் வேலைக்கு மாறினேன். இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பலகையில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தை (பசை மாதிரி ஒட்டி, காய்ந்ததும் தெளிவாகிவிடும் ஓவியப் பொருள்) பூசி, அச்சடித்த தாளைக் குப்புற ஒட்டி, காயவிட்டு, அப்புறம் தாளை நனைத்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தாள் போய்விடும், படம் பலகையில் நிற்கும். சொல்ல ஒரு வரிதான்.

முதல் பலகையில் வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட்டை ஒட்டினேன். தண்ணீர் பட்டதும் அப்பா நீலமும் ரோஜாநிறமுமாகக் கரைந்து ஓடிவிட்டார். என் பிரிண்டரின் மை தண்ணீரில் கரைகிற சாயம். இதற்கு லேசர் பிரிண்ட் வேண்டும். அதிலிருக்கும் டோனர் என்பது மை அல்ல, சூட்டில் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். தண்ணீருக்கு அசையாது, ஜெல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பலகை அருமையாக வந்தது. கொஞ்ச நேரம் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. சட்டைப்பை வலது பக்கம் இருந்தது! கைக்கடிகாரமும் வலது கையில். தாளைக் குப்புற ஒட்டினால் படம் இடவலமாக மாறும் என்பது தெரியாத விஷயமா? தெரியும், அச்சடிக்கும்போது திருப்பத்தான் மறந்தேன். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தச் சட்டையை எத்தனையோ தடவை இஸ்திரி போட்ட அம்மாவிடம் அது செல்லாது.

அதே பலகையில் இன்னொன்றும் புரிந்தது. டோனரில் வெள்ளை நிறம் கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் மரம் தெரியும். அப்பாவின் வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது. அதனால் மூன்றாவதிலிருந்து, பலகையை உப்புத்தாளால் தேய்த்த பிறகு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்தேன். கனமாகப் பூசினால் மர ரேகை மறைந்துவிடும், அப்படியென்றால் தாளிலேயே அச்சடித்துச் சட்டம் போட்டுவிடலாமே.

மூன்றாவது பலகை அவசரத்தில் போனது. ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டியதை மூன்று மணி நேரத்தில் எடுத்துத் தேய்த்தேன். தாளோடு அப்பாவின் இடது காதும் வந்துவிட்டது.

நாலாவதற்கு ஒரு ஞாயிறு முழுவதையும் ஒதுக்கினேன். ஜெல்லை எங்கும் ஒரே கனமாகப் பூசி, தாளை வைத்து, ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் குமிழிகளைத் தள்ளினேன். ஒரு குமிழி தங்கினாலும் அந்த இடத்தில் படம் ஒட்டாது. மறுநாள் சாயங்காலம் ஈர ஸ்பாஞ்சால் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தேன். தாள் சிறு சிறு திரியாக உருண்டு வந்தது. முதலில் கண்ணாடியைத் துடைக்கும் விரல்கள், அப்புறம் குனிந்த நெற்றி. சட்டைப்பை இடது பக்கம்.

ஆனால் காய்ந்ததும் படத்தின் மேல் மாவு தூவிய மாதிரி வெள்ளை படர்ந்தது. பயந்துவிட்டேன். ஒன்றுமில்லை, கண்ணுக்குத் தெரியாத தாள் நார் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி நனை, தேய், காயவிடு. மூன்று சுற்று ஆனது. கொஞ்சம் மிச்சமிருந்த மங்கலும் வார்னிஷ் பட்டதும் தெளிந்துவிட்டது.

நடுவில் காயும் நேரங்களில் செய்ததுதான் மடிப்புப் புத்தகம். நீளத் தாளை விசிறி மாதிரி முன்னும் பின்னும் மடித்து, ஏழு படங்கள், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். போன் படம் 4:3, கடை பிரிண்ட் 4-க்கு 6 அங்குலம், அதாவது 3:2. நாமே வெட்டிக் கொடுக்காவிட்டால் இயந்திரம் தலையையோ காலையோ வெட்டிவிடும். அப்புறம், திரைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கிறது, தாளுக்கு இல்லை. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைச் சரிசெய்தால் அச்சு இருட்டாக வராது.

நேற்று கொடுத்தேன். அம்மா பலகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இந்தச் சட்டையை ஏன் இன்னும் தூக்கிப் போடாம இருக்கீங்க?" என்றார், அப்பாவைப் பார்த்து. அப்பா பதில் சொல்லவில்லை. என் மேஜையில் கிடந்த இரண்டாவது பலகையை எடுத்துக்கொண்டு போனார். இன்று காலையில் அது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், மேலே மூக்குக்கண்ணாடி.