பட்டணம் பெருமாளுக்கு அம்மாவின் நேர்த்தி

பேத்திக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன வாரத்தில் அம்மா நேர்ந்துகொண்டது திருப்பதிக்கு இல்லை, சென்னைப் பூக்கடைக்குள் இருக்கிற பட்டணம் கோயிலுக்கு. அம்மா பிறந்து வளர்ந்தது கொண்டித்தோப்பு. தாத்தா கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினவர். நல்லதோ கெட்டதோ அந்த வீட்டுக்கு அங்கே இருக்கிற சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும்தான். "குழந்தை எழுந்து உட்காரட்டும், பெருமாளுக்குத் துளசி மாலை, ஈஸ்வரனுக்கு வில்வம், அப்படியே காளிகாம்பாளுக்குக் குங்குமார்ச்சனை" என்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். குழந்தை எழுந்து உட்கார்ந்தது. அவன் அருள்.

சனிக்கிழமை கிளம்பினோம். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் எதிரே 1892-இல் திறந்த சிவப்புக் கட்டடம், அதன் உச்சிக் கோபுரத்தில்தான் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. ரோட்டோரமாக நின்று அந்த வளாகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாளின் பழைய இடம் அதுதானே.

1640-களில், வெள்ளைக்காரனின் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பிய கையோடு வந்த கோயில் அது. கம்பெனிக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த பேரி திம்மப்பா கட்டியது என்பார்கள். ஊருக்குப் பெயர் வந்தது, கோட்டைக்கு இடம் கொடுத்த நாயக்கரின் அப்பா சென்னப்ப நாயக்கராலா இந்தக் கேசவராலா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது, கேசவர்தான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749-இல் திரும்பக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வெள்ளைக்காரனுக்குப் பயம் வந்துவிட்டது, கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து சுடுவான் என்று அந்தப் பக்கத்தையே காலி செய்தான். 1757-இல் கோயிலும் போயிற்று. அடுத்த வருஷக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டபோது, இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த பெருமாளுக்கே கோயில் இல்லை! நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் கவர்னர் பிகாட்டின் துபாஷாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கைக்காசைப் போட்டு, ஊராரிடமும் வசூல் பண்ணி, அரசாங்கம் கொடுத்த மாற்று இடத்தில் 1760-களில் கேசவருக்கும் மல்லீஸ்வரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார். அந்தப் புண்ணியவான் குலம் நன்றாக இருக்கட்டும்.

பத்ரியன் தெருவில் மாலை வாங்கி தேவராஜ முதலி தெருவுக்குள் நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மீன்பாடி வண்டி ஒரு பக்கம் இடிக்கிறது, தலைச்சுமைக்காரர் "ஓரம் ஓரம்" என்று வருகிறார், நடைபாதை முழுக்கக் கடை. எழுபது தாண்டிய மனுஷி முட்டிவலியோடு எங்கே கால் வைப்பாள்? போதாக்குறைக்கு ஒரு ஆள் கூடவே வந்து, "ஸ்பெஷலா அர்ச்சனை பண்ணித் தர்றேன், ஐந்நூறு குடுங்க" என்று விடவே இல்லை. "பெருமாளைப் பாக்க எனக்கு எதுக்குப்பா தரகர்?" என்று அம்மா கேட்ட பிறகுதான் விலகினார்.

உள்ளே போனதும் அந்த இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பட்டர் துளசி மாலையை வாங்கிச் சாற்றினார். திரை விலகி ஆரத்தி காட்டியபோது அம்மா கும்பிடக்கூட இல்லை, இரண்டு கையையும் தொங்கவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். தீர்த்தம் கொடுக்க பட்டர் வந்தார், உள்ளங்கை நடுங்கிப் பாதி கீழே சிந்தியது. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு உத்தரணி விட்டார். சடாரி சாற்றும்போது அம்மா பேத்தியை இழுத்து முன்னால் நிறுத்தி, "இவதான் சாமி, இவதான்" என்றாள். பட்டர் சிரித்துக்கொண்டே குழந்தைக்குச் சாற்றிவிட்டு, சாமி பாதத்தில் இருந்த துளசியில் ஒரு கொத்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்த அதே கை. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது, அதற்கப்புறம் பெருமாள் முகத்தை நான் எங்கே பார்த்தேன்!

மல்லீஸ்வரர், பிரமராம்பிகை சன்னதிகளில் வில்வ அர்ச்சனை நிம்மதியாக நடந்தது. தம்பு செட்டித் தெருவுக்கு ஆட்டோ. காளிகாம்பாளும் கோட்டைப் பக்கம் இருந்து இங்கே வந்து குடியேறினவள்தான், 1677-இல் சிவாஜி மகாராஜா வந்து கும்பிட்டதாகச் சொல்கிற சன்னதி, பத்திரிகை வேலை பார்த்த காலத்தில் பாரதியாரும் வந்து நின்ற இடம். கூட்டம் தாங்கவில்லை, ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் வரிசையில் நின்ற கால்வலி எங்கே போயிற்றோ.

இந்தப் பக்கம் நேர்த்தி வைத்திருப்பவர்கள் கடை திறக்கும் முன்னால், காலை ஏழரைக்குள் போய்விடுங்கள், வயசானவர்களோடு போனால் கட்டாயம். மஞ்சள் துணிக் காசை அம்மா உண்டியலில் போட்டாயிற்று. கேசவா, மல்லீஸ்வரா, தாயே காளிகாம்பா, எங்கள் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தீர்களே, உங்களுக்குக் கோடி நமஸ்காரம்.