பின்விளக்கு இல்லாத சைக்கிள்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் மறுபடியும் அதே ஆள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முதுகில் கறுப்புப் பை. பின்விளக்கு கிடையாது. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் ஒரு மனிதர் இப்படியா சாலைக்கு வருவார்? நான் பிரேக்கை அழுத்தியதும் என் மனைவி தலையணையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலித்தால் அவள் பேசமாட்டாள், கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்த்ததும், கண்ணாடியை இறக்கி அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டால்தான் மனம் ஆறும் என்றிருந்தது. அதற்குள் சந்துக்குள் திரும்பிவிட்டார். கையைக் காட்டித் திரும்பினாரா என்றால் அதுவும் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. வரும்போதும் ஒன்றும் நடக்கவில்லை. இப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்கு மாறுவதற்கே அந்த ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகு, காய்ந்த சாலையில் முழு பலத்தோடு அழுத்தினாலும் நிற்பதற்கு இன்னொரு 14 மீட்டர் வேண்டும். ஆக 28 மீட்டர். அதுவே 30 கிலோமீட்டர் வேகம் என்றால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். வேகம் பாதியானால் மோதலின் வலு பாதியாவதில்லை, கால்பங்காகிறது.

அந்தக் கறுப்புச் சட்டைக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியுமா? ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு பின்னால் வருகிறது. அதை ஓட்டுகிறவன் இரவு தூங்கினானா, மருத்துவமனையிலிருந்து வருகிறானா, எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே தன் முதுகை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பெடலை மிதிக்கிறார். என்னைக் கேட்காமல் என் தலையில் சுமத்துகிற பொறுப்பு இது. தவறு யாருடையதாகவும் இருக்கட்டும், உடைகிற எலும்பு அவருடையது. உடைத்தவன் நான் என்றாகிவிடும். அதற்குமேல் நான் எப்படித் தூங்குவது?

பாலம் தாண்டியதிலிருந்து மருத்துவமனை வரை இனி 30தான். அவளுக்கும் குலுக்கல் குறையும்.

பிப்ரவரி 7, சனி

அவள் தம்பி வந்திருந்தான். சைக்கிளில்தான் வந்தான். அக்காவிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தான், அவள் கண் அசந்ததும் கூடத்துக்கு வந்தான். பேச்சு தானாகவே இங்கே வந்து நின்றது.

ஓரமாகப் போகாமல் ஏன் நடுவில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “ஓரத்தில்தான் அத்தான் சாவு இருக்கிறது” என்றான். சாக்கடை மூடி, உடைந்த கண்ணாடி, மண். எல்லாவற்றையும்விட நின்றுகொண்டிருக்கும் கார்களின் கதவு. ஒரு கதவு திறந்தால் ஒரு மீட்டர் அகலத்துக்கு வழியை மறித்துவிடும். பிரிட்டனில் 2022இல் திருத்திய சாலை விதிநூலிலேயே, ஆளரவம் குறைந்த சாலையிலும் குறுகலான இடத்திலும் தன் தடத்தின் நடுவில் ஓட்டலாம், நிற்கும் வண்டிகளைக் கடக்கும்போது ஒரு மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறார்களாம்.

நியாயம்தான். ஆனால் பின்னால் வருகிற எனக்கு அது எப்படித் தெரியும்? தள்ளிப் போகட்டும், நான் பொறுத்துக்கொள்கிறேன். திடீரென்று தள்ளிப் போகக்கூடாது. கதவுக்குப் பயந்து விலகுவதாக இருந்தால் முன்கூட்டியே விலகி நேர்கோட்டில் வரட்டும். நான் கேட்பது வேறொன்றும் இல்லை: கண்ணுக்குத் தெரியவேண்டும், அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவேண்டும்.

“விளக்கு வைத்திருக்கிறாயா?” என்று கேட்டேன். வைத்திருக்கிறானாம். சார்ஜ் இல்லையாம். அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்கா எழுந்துவிடுவாளே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கதவு என்றதும் இதை எழுதி வைக்கிறேன். நெதர்லாந்தில், கதவிலிருந்து தள்ளி இருக்கும் கையால் கதவைத் திறக்கும் பழக்கம் உண்டு. அப்படித் திறந்தால் தோள் திரும்பும், தோளோடு தலையும் திரும்பிப் பின்னால் வருகிறவரைப் பார்த்துவிடும். நல்ல பழக்கம். ஆனால் அவளால் இப்போது உடம்பைத் திருப்ப முடியாது. அதனால் வண்டியை நிறுத்தியதும் நானே இறங்கிச் சுற்றிப் போய், அவள் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் நின்று, சைக்கிள் எதுவும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் திறக்கிறேன். முதலில் தலையணையை வாங்கிக்கொள்ளவேண்டும். பிறகு வலது கால், பிறகு இடது கால். அந்த நேரம் பூராவும் என் முதுகு சாலையின் பக்கம் இருக்கிறது. மணியடிக்காமல் ஒருவன் என் முழங்கையை உரசிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 9, திங்கள்

ஏற்றத்தில் ஒரு பெரியவர். கேரியரில் மூட்டை. நடை வேகம்கூட இல்லை. அந்த வேகத்தில் சைக்கிள் நேராகப் போகாது. சாயும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பித்தான் நிமிரும். வேகம் குறையக் குறைய ஆட்டம் அதிகம். அதனால் ஏற்றத்தில் இறக்கத்தைவிட அதிக இடம் விட்டுத்தான் முந்தவேண்டும். எதிரில் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பின்னாலேயே ஊர்ந்தேன்.

எனக்குப் பின்னால் வந்த காருக்குப் பொறுக்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பெரியவர் அது என் ஹாரன் என்று நினைத்துக்கொண்டார். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்ன சொல்வது. திரும்பிப் பார்த்ததிலேயே வண்டி தடுமாறி நடுச்சாலைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, நான் மிகவும் பின்னால் இருந்தேன்.

“ஒதுங்கி அவனை விட்டுவிடுங்களேன்” என்றாள். ஒதுங்க எங்கே இடம்? நான் ஒதுங்கினால் அவன் அந்தப் பெரியவரை உரசிக்கொண்டு போயிருப்பான். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுத்தான் சைக்கிளை முந்தவேண்டும். ஜெர்மனியில் 2020இலிருந்து ஊருக்குள்ளேயே ஒன்றரை மீட்டர், வெளியே 2 மீட்டர். இடம் இல்லையென்றால் பின்னாலேயே போகவேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிடம் பொறுக்க முடியாதவன் எதற்காக வண்டியை எடுக்கிறான்? சைக்கிள்காரர்கள்மேல் எனக்கிருக்கும் எரிச்சலைவிட இவர்கள்மேல் இருக்கும் எரிச்சல் பெரிது. இவர்கள் செய்வதற்கெல்லாம் முறைப்பை வாங்குவது நான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பரிசோதனை முடிவு வரவில்லை. நாளைக்கு என்கிறார்கள்.

பிப்ரவரி 11, புதன்

நாளைக்கு என்கிறார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

முன்கண்ணாடிக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறதே, அது ஒரு முழு சைக்கிளை மறைத்துவிடும். இன்று நாற்சந்தியில் மறைத்தது. நான் எப்போதும் முன்னால் குனிந்து, பிறகு பின்னால் சாய்ந்து, தூணின் இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன். குனிந்தபோது ஒரு பள்ளிக்கூடப் பெண், வெள்ளை ரிப்பன், கூடையில் சாப்பாட்டுப் பை. அவ்வளவு நேரமும் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

குறுக்குச் சாலையில் வரும் சைக்கிளும் நம் வண்டியும் ஒரே புள்ளியை நோக்கி, ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி வந்தால், நாம் நகர நகர அதுவும் நகர்ந்து அதே கோணத்திலேயே நிற்கும். எந்தச் சைக்கிள் நம்மோடு மோதப்போகிறதோ அதைத்தான் தூண் கடைசி வரை மறைத்துக்கொண்டிருக்கும். மோதாமல் போகிற சைக்கிள் தானாகவே வெளியே தெரிந்துவிடும். இதைச் சைக்கிள்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா, நீங்களும் அவருக்குத் தெரியவில்லை, மிதிப்பதை நிறுத்துங்கள். அந்தப் பெண் நிறுத்தவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

பிற்பகல் முழுவதும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 14, சனி

அவள் தூங்குகிறாள். காய்ச்சல் இல்லை.

1817இல் கார்ல் டிரைஸ் என்பவர் காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டியைச் செய்து ஓட்டிப் பார்த்தது ஜெர்மனியின் மான்ஹைம் நகரில். 1886இல் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் அதே மான்ஹைமில் இருந்தபோதுதான். அந்த முதல் காரில் சைக்கிளுக்கு இருப்பது போன்ற கம்பிச் சக்கரங்கள்தான். காற்றடைத்த டயரும் 1887இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து, அதற்குப் பிறகு காருக்கு வந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்கள் ஒரு சாலையைப் பகிர்ந்துகொள்ள இன்னுமா தெரியவில்லை?

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று பேர் ஒரே வரிசையில், தோளில் கை போட்டுக்கொண்டு. தோளில் கை! மருந்துக் கடை மூடிவிடுமே என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று திரும்ப இருட்டிவிட்டது. பாலத்துக்கு முன்னால் தூரத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள், ஒன்று மேலே போக மற்றது கீழே வந்தது. அது மனிதக் கால் என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. பெடலில் பதித்த சின்னப் பிரதிபலிப்பான்கள், விரல் நீளம்கூட இருக்காது. மட்கார்டில் அசையாமல் இருக்கும் சிவப்பு வில்லையைச் சாலையோரக் கம்பம் என்று நினைத்துவிடலாம்; மேலும் கீழும் போய் வருவதை அப்படி நினைக்கவே முடியாது. என் ஹெட்லைட்டை டிம்மில் வைத்திருந்தும் எவ்வளவோ முன்னாலேயே தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, விலகி, நிதானமாக முந்தினேன். அவள் தூக்கம்கூடக் கலையவில்லை.

அந்த ஓட்டுநர் யாரோ, நன்றாக இருக்கட்டும். உண்மையாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

சிவப்பு விளக்கில் நான் நிற்கிறேன், என் பக்கத்தில் வந்தவர் நிற்கவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982இலிருந்தே ‘நில்’ பலகை உள்ள சந்தியில், யாரும் வரவில்லையென்றால் சைக்கிள்காரர் நிற்காமல் மெதுவாகக் கடந்து போகலாம் என்று மைத்துனன் அனுப்பியிருக்கிறான். அங்கே அது சட்டம், எல்லோருக்கும் தெரிந்த சட்டம். இங்கே இவர் தானாக ஒரு சட்டம் வைத்திருக்கிறார், அது என்னவென்று பச்சையில் வருகிறவருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகுமா?

பிப்ரவரி 20, வெள்ளி

வண்டி எடுக்கவில்லை. அவளால் எழ முடியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

சைக்கிளுக்கென்று வெள்ளைக்கோடு போட்ட தடம், அதில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. அதனால் சைக்கிள்கள் எல்லாம் என் முன்னால். யாரை நோவது? வண்ணக்கோடு எதையும் தடுக்காது. திண்டு கட்டவேண்டும், உயரம் வேண்டும், சந்தியில் அவர்களுக்குத் தனி விளக்கு வேண்டும்.

நெதர்லாந்தில் 1971இல் மட்டும் சாலையில் 3,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள், ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பதே இயக்கத்தின் பெயர். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எடுத்துக் கட்டியவைதான் இன்று எல்லோரும் படம் பிடித்துப் போடும் அந்தப் பாதைகள். அங்கே கார் ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று யாராவது எழுதுகிறார்களா? நான் தனிப்பாதை வேண்டும் என்று கேட்பது சைக்கிள்காரர்களுக்காக மட்டும் இல்லை. என் கருணையை நம்பி ஒருவர் என் முன்னால் போகவேண்டாம். என் கருணை எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. இந்த வாரம் கொஞ்சம்கூட இல்லை.

கறுப்புச் சட்டைக்காரரைக் காணவில்லை. போன வாரமும் பார்த்த நினைவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்றும் இல்லை. வேலை மாறியிருக்கும். “யாரைத் தேடுகிறீர்கள்?” என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

அவர்தான். வேறு சாலையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, செயின் கழன்று தொங்கியது. அப்பாடா என்றிருந்தது. பின்விளக்கு இன்னும் இல்லை. இந்த முறை கண்ணாடியை இறக்கிச் சொல்லியே விட்டேன்: “ஐயா, ஒரு விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள், உங்களைப் பார்க்கவே முடிவதில்லை.” என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாட்டுவாரா தெரியாது.

பிப்ரவரி 27, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை மருத்துவர் நேரில் பேச வேண்டுமாம், மாலை ஆறு மணிக்கு. திரும்பும்போது நல்ல இருட்டாகிவிடும். பாலத்து வழி வேண்டாம், சுற்றிப் போனாலும் விளக்குக் கம்பம் உள்ள சாலையிலேயே போகலாம். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைக்கவேண்டும், எதிர் வெளிச்சத்தில் புகைமூட்டம் போலத் தெரிகிறது. தலையணைக்கு உறை மாற்றவேண்டும். மைத்துனனும் கூட வருகிறேன் என்கிறான். சைக்கிளில் வராதே, எங்களோடு காரில் வா என்று சொல்லியிருக்கிறேன்.